ஜூன் 30-க்கும் ஜூலை 1-க்கும் நடுவே

நியூயார்க் மாநகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1 அன்று தொடங்கி அடுத்த ஜூன் 30 அன்று முடிகிறது. ஜூன் 30 சம்பள நாளாக வந்துவிட்டால், அந்தச் சம்பளத்தை ஒரு நாள் தள்ளி ஜூலை 1 அன்று கொடுக்கலாம். ஊழியருக்கு ஒரு நாள் தாமதம், அவ்வளவுதான். மாநகராட்சிக்கோ ஒரு பெரிய செலவு இந்த ஆண்டுக் கணக்கிலிருந்து இறங்கி அடுத்த ஆண்டுக் கணக்கில் ஏறிவிடும். துண்டு விழவிருந்த பட்ஜெட் நேராகிவிடும். யாரும் எதையும் திருடவில்லை. எந்தப் பேரேட்டிலும் பொய்த் தொகை எழுதவில்லை. கூட்டிப் பார்த்தால் ஒவ்வொரு பக்கமும் சரியாகவே வரும்.

1975இல் அந்த மாநகரம் கையில் காசில்லாமல் நின்றபோது, அதன் கணக்கேடுகளைப் புரட்டியவர்கள் கண்டெடுத்த வித்தைகளில் இது ஆகச் சிறியது. அன்றைக்கு மேயராக இருந்தவர் கணக்குத் தெரியாத அரசியல்வாதி என்றால் இதில் எழுத ஒன்றுமில்லை. ஆனால் ஆபிரகாம் பீம் கணக்கியலில் பட்டம் வாங்கியவர். பள்ளியில் கணக்குப் பதிவியல் சொல்லிக்கொடுத்தவர். மாநகராட்சியின் பட்ஜெட் அலுவலகத்தில் பதினைந்து ஆண்டுக்கு மேல் இருந்தவர். நகரின் கம்ப்ட்ரோலராக இரண்டு முறை மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர். 1973 மேயர் தேர்தலில் அவருக்காக ஒட்டிய வாசகத்தின் சாரமே ‘இவருக்குக் காசு தெரியும்’ என்பதுதான்.

அவர் ஊரை ஏமாற்றினார் என்பார் உண்டு. மற்றவர்கள் செய்த பாவத்துக்கு அவர் பலிகடா ஆனார் என்பாரும் உண்டு. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எனக்குப் படுவது வேறு. ஒரே கணக்கை முப்பது வருஷம் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு, அந்தக் கணக்கு எதைக் காட்டுவதற்காக எழுதப்படுகிறது என்பது மெல்ல மங்கிப்போகிறது. அதைச் சரிக்கட்டுவது எப்படி என்பது மட்டும் விரல்நுனியில் நிற்கிறது. ‘சரிக்கட்டுவது’ என்ற நம் சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பது எவ்வளவு பொருத்தம்!

பீம் பிறந்தது 1906இல், லண்டனில். ரஷ்யப் பேரரசின் பிடியிலிருந்த போலந்தைவிட்டு வெளியேறிய யூதக் குடும்பம் அது. குழந்தைக்குச் சில மாதங்கள் ஆனபோது நியூயார்க் வந்து, மன்ஹாட்டனின் லோயர் ஈஸ்ட் சைடில், ஏழைக் குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதியில் குடியேறியது. அப்பா காகிதம் வெட்டும் தொழிலாளி, சோஷலிச நம்பிக்கை உள்ளவர். மகன் சிட்டி காலேஜில் கணக்கியல் படித்து 1928இல் பட்டம் பெற்றார். 1847இல் தொடங்கிய நாள் முதல் அதுவரை அந்தக் கல்லூரி மாணவர்களிடம் கல்விக் கட்டணம் வாங்கியதில்லை. காகிதம் வெட்டுபவரின் பையன் பட்டதாரி ஆனது அந்த நகரத்தின் செலவில்.

நண்பர் ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து கணக்கு அலுவலகம் வைத்தார். கூடவே, 1929 முதல் 1946 வரை குயின்ஸ் பகுதியில் ரிச்மண்ட் ஹில் உயர்நிலைப் பள்ளியில் கணக்குப் பதிவியல் ஆசிரியர் வேலை. மாலை நேரங்கள் புரூக்ளினில் ஜனநாயகக் கட்சியின் வட்டாரக் கிளப்பில் கழிந்தன. அந்தக் காலத்துக் கட்சிக் கிளப் என்றால் வீடு வீடாகப் போய் ஓட்டுச் சேர்ப்பது, வேலை கேட்டு வருபவரை இன்னாரிடம் அனுப்புவது, வருஷக்கணக்காகப் பொறுமையாக இருப்பது. பொறுமைக்குப் பலன் 1946இல் வந்தது. மாநகராட்சியின் உதவி பட்ஜெட் இயக்குநரானார், 1952இல் இயக்குநர். கட்சிக்கு உழைத்ததற்கும் கணக்கு தெரிந்ததற்கும் சேர்த்துக் கிடைத்த பதவி. இரண்டில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் கிடைத்திருக்காது.

வெளியாள் கண்ணுக்குத் தெரியாத பதவி அது. ஆனால் நகரத்தின் ஒவ்வொரு துறைத் தலைவரும் அந்த அறைக்கு வெளியே காத்திருந்தாக வேண்டும். அந்நாளைய பட்ஜெட் ஒவ்வொரு பணியிடத்தையும் தனித்தனி வரியாக எழுதும் பட்ஜெட். ஒரு மருத்துவமனையில் இத்தனை செவிலியர், ஒரு தீயணைப்பு நிலையத்தில் இத்தனை பேர் என்று வரி வரியாகப் போகும். காலியிடத்தை நிரப்புவதா வேண்டாமா, எந்தச் செலவை எந்தத் தலைப்பில் காட்டுவது என்பதெல்லாம் அங்கே தீர்மானமாகும். அந்த வரிகளில் புழங்கிப் புழங்கி பீம் நகரத்தையே மனப்பாடம் செய்துவிட்டார். ஐந்தடி இரண்டங்குல உயரமுள்ள, குரலை உயர்த்தாத மனிதர். தனிப்பட்ட கைச்சுத்தத்தில் அவர்மீது குறை சொன்னவர் இல்லை. தமிழில் நாணயம் என்றால் காசும் ஆகும், நேர்மையும் ஆகும். அவரிடம் இரண்டாவது நாணயம் இருந்தது. முதலாவதைப் பற்றி அவருக்குத் தெரியும் என்று ஊர் நம்பியது.

1962இல் கம்ப்ட்ரோலரானார். நியூயார்க்கில் கம்ப்ட்ரோலர் என்பவர் மேயருக்குக் கீழ்ப்பட்ட அதிகாரி இல்லை. தனியாகத் தேர்தலில் நின்று வருபவர். நகரத்தின் கணக்கைத் தணிக்கை செய்வதும், நகரத்துக்காகக் கடன் பத்திரம் விற்பதும் அவர் வேலை. ஊழியர் ஓய்வூதிய நிதிகளைப் பார்த்துக்கொள்வதிலும் பங்கு உண்டு. மேயர் செலவழிப்பார், கம்ப்ட்ரோலர் கையைப் பிடிப்பார் என்பது ஏற்பாடு. பீம் ஒரு தடவையாவது கையைப் பிடித்தார் என்பதைச் சொல்லவேண்டும். 1965இல் மேயர் ராபர்ட் வாக்னர் பட்ஜெட்டில் விழுந்த துண்டைக் கடன் வாங்கி அடைக்கத் திட்டமிட்டார். ஏறக்குறைய 25 கோடி டாலர். இன்றைக்கு வாங்கி நாளைக்கு அடைக்கும் பிழைப்பு இது என்று பீம் எதிர்த்தார். அந்த ஆண்டு மேயர் தேர்தலிலும் நின்றார். ஜான் லிண்ட்சே என்ற உயரமான, அழகான குடியரசுக் கட்சிக்காரரிடம் தோற்றார். நான்கு ஆண்டு அரசுப் பதவி இல்லை. 1970இல் மீண்டும் கம்ப்ட்ரோலராக வந்தபோது, எதை எதிர்த்தாரோ அது நகரத்தின் அன்றாட வழக்கமாகியிருந்தது. இம்முறை அந்தக் கடன் பத்திரங்களில் கையெழுத்திட்டு விற்றவர் அவரே.

அந்த வழக்கம் என்ன என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைத்தவை.

எந்த நகராட்சிக்கும் செலவு மாதாமாதம் வரும். வரி ஆண்டில் சில தவணைகளில் வரும். நடுவில் உள்ள இடைவெளிக்குக் கைமாற்று வாங்குவதில் தவறில்லை. அதற்காக நியூயார்க் மூன்று வகைக் குறுகிய காலக் கடன் நோட்டுகளை விற்றது. வரவேண்டிய சொத்துவரியைக் காட்டி விற்றது ஒன்று. மாநில, கூட்டரசு மானியம் முதலான வருவாயைக் காட்டி விற்றது இன்னொன்று. பின்னால் வெளியிடப்போகும் நீண்டகாலப் பத்திரத்தைக் காட்டி விற்றது மூன்றாவது. ஆங்கில முதலெழுத்துகளை வைத்துச் சந்தையில் டான், ரான், பான் என்பார்கள். இவற்றின் வட்டிக்கு வருமான வரி கிடையாது என்பதால் வாங்க ஆள் இருந்தது. வரி வசூலானதும் நோட்டை அடைத்துவிட வேண்டும் என்பது விதி.

வரி வசூலாகாவிட்டால்? நம் நகராட்சி அலுவலகங்களில் ‘கேட்பு, வசூல், நிலுவை’ என்று மூன்று கலம் போட்டு எழுதுவார்கள். நியூயார்க் கேட்பைக் காட்டிக் கடன் வாங்கியது. கேட்புக்கும் வசூலுக்கும் நடுவே உள்ள பள்ளத்தை ஆண்டுதோறும் நிலுவை என்று எழுதி, அந்த நிலுவையைக் காட்டியும் கடன் வாங்கியது. அந்த நிலுவையில் உடைமையாளர்கள் கைவிட்டுப் போன குடியிருப்புகள் இருந்தன. வரி கட்டாததால் நகராட்சியே கையகப்படுத்திய கட்டடங்கள் இருந்தன. வரிவிலக்கு உள்ள வெளிநாட்டுத் தூதரகங்களின் கட்டடங்கள்கூட இருந்தன. நகராட்சி தனக்குத் தானே கட்டவேண்டிய வரியைச் சொத்தாகக் காட்டி அதன்மேல் கடன் வாங்கியது என்றால் வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் அந்தப் பதிவேட்டை எழுதிய குமாஸ்தா எதையும் திரிக்கவில்லை. கேட்பு கேட்புதானே!

மானியக் கணக்கும் இதே கதைதான். 1965இல் மாநிலச் சட்டத்தில் ஒரு சிறிய திருத்தம். அதுவரை, சென்ற ஆண்டு உண்மையில் வந்த அளவுக்கே மானியத்தைக் காட்டிக் கடன் எழுப்ப முடிந்தது. திருத்தத்துக்குப் பிறகு, இந்த ஆண்டு இவ்வளவு வரும் என்ற மேயரின் மதிப்பீடே போதும் என்றானது. இவ்வளவு வரும் என்று எழுதுவது யார்? பட்ஜெட் அலுவலகம். வராவிட்டால்? பழைய நோட்டை அடைக்கப் புது நோட்டு.

வரவை வரவேண்டிய நாளில் எழுதுவது, செலவைப் பணம் கொடுத்த நாளில் எழுதுவது என்ற இரட்டை முறை இதையெல்லாம் தாங்கிப்பிடித்தது. கணக்கியல் முதலாண்டு மாணவனுக்கே தெரியும், இரண்டையும் கலக்கக் கூடாது என்று. கலந்தால் வரவு எப்போதும் முந்தி வரும், செலவு எப்போதும் பிந்தி வரும், ஏடு எப்போதும் சிரித்தபடி இருக்கும். ஜூன் 30 சம்பளம் ஜூலை 1-க்குப் போனது இந்த இடைவெளியில் புகுந்துதான். ஓய்வூதிய நிதிக்கு நகரம் செலுத்தவேண்டிய பங்கை இரண்டு ஆண்டு கழித்துச் செலுத்தியதும் இதில் புகுந்துதான். அந்தப் பங்கைக் கணக்கிட்ட ஆயுள் அட்டவணைகளோ முதல் உலகப் போரை ஒட்டிய காலத்தவை. ஓய்வு பெற்றவர்கள் அந்த அட்டவணை சொன்னதைவிட நீண்ட நாள் வாழ்ந்தார்கள்.

எல்லாவற்றிலும் மோசமானது மூலதன பட்ஜெட்டில் நடந்தது. பள்ளிக்கூடம் கட்டக் கடன் வாங்குவது நியாயம். கட்டடம் முப்பது ஆண்டு நிற்கும். அதில் படிக்கப்போகும் பிள்ளைகளின் பெற்றோரும் கடனில் தங்கள் பங்கைக் கட்டட்டும். பள்ளியில் இந்த மாதம் பாடம் நடத்தியவரின் சம்பளத்துக்குக் கடன் வாங்கினால், பல ஆண்டுகள் கழித்து மிச்சமிருப்பது வட்டி மட்டும். 1960களின் நடுவில் சிறு தொகையாகத் தொடங்கிய இந்தப் பழக்கம், தொழிற்கல்விச் செலவு, பயிற்சித் திட்டச் செலவு என்று ஒவ்வொன்றாக மூலதனத் தலைப்புக்கு மாறி, 1975 வாக்கில் ஆண்டுக்கு 70 கோடி டாலரைத் தாண்டியது. இதற்கு ஒரு சட்டக் காரணமும் உண்டு. சொத்துவரிக்கு மாநில அரசியலமைப்பு ஓர் உச்சவரம்பு வைத்திருந்தது. கடனை அடைப்பதற்காக விதிக்கும் வரி அந்த வரம்புக்கு வெளியே. ஆகவே செலவைக் கடனாக மாற்றினால் வரம்பைத் தாண்டி வரி போடலாம். இந்தச் சந்து பொந்தெல்லாம் வெளியாளுக்குத் தெரியாது. பட்ஜெட் அலுவலகத்தில் பதினைந்து ஆண்டு இருந்தவருக்குத் தெரியும்.

செலவு ஏன் அப்படி ஏறியது என்பது தனிப் புராணம், சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆலைகள் வெளியேறின. 1969-க்குப் பிந்தைய ஏழெட்டு ஆண்டுகளில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வேலைகள் போயின. நடுத்தர வர்க்கம் புறநகருக்குப் போனது. தெற்கிலிருந்தும் போர்ட்டோ ரிக்கோவிலிருந்தும் வந்த ஏழைகளுக்கு அந்த வேலைகள் இல்லை. உதவித்தொகைச் செலவிலும் மருத்துவ உதவிச் செலவிலும் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கை நகரமே ஏற்கவேண்டும் என்றது மாநிலம். வேறெந்தப் பெரிய அமெரிக்க நகரமும் அந்த அளவில் சுமக்காத மருத்துவமனைகளையும் கட்டணமில்லாப் பல்கலைக்கழகத்தையும் நியூயார்க் சுமந்தது. ஊழியர் சங்கங்கள் வலுவானவை. கேட்டதில் பாதியாவது வாங்கின. அந்த நகரம் தன் ஏழைகளுக்குச் செய்ததில் பெரும்பகுதி நல்ல காரியம் என்றே நான் நினைக்கிறேன். அதற்கு ஆகும் விலையை யாரும் உரக்கச் சொல்லவில்லை, அதுதான் கோளாறு.

1974 ஜனவரி 1 அன்று பீம் மேயரானார். யூத சமயத்தைக் கடைப்பிடித்த ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அதுவே முதல் முறை. 150 கோடி டாலர் பற்றாக்குறையைத் தன் தலையில் கட்டிவிட்டுப் போனார்கள் என்று பிற்பாடு சொல்லிக்கொண்டே இருந்தார். உண்மைதான். ஆனால் கட்டிவிட்டுப் போன ஆட்சியின் கடைசி நான்கு ஆண்டும் கம்ப்ட்ரோலராக இருந்தவர் யார் என்று கேட்டால் பதில் சங்கடமானது. 1969இல் 100 கோடி டாலருக்குக் கீழே இருந்த குறுகிய காலக் கடன் 1975இல் 600 கோடியை நெருங்கியது. மொத்தக் கடனில் ஏறக்குறைய பாதி, ஓராண்டுக்குள் அடைத்துவிட்டு மறுபடி வாங்கவேண்டிய கடன். கந்துவட்டிக்காரரிடம் தினத்தவணையில் சிக்கிய கடைக்காரர் மாதிரி, மாதாமாதம் சந்தைக்குப் போய் நிற்கவேண்டிய நிலை.

1975 பிப்ரவரியில் 26 கோடி டாலருக்கு வரி நோட்டு விற்பனை ஒன்று ஏற்பாடானது. இரண்டு பெரிய வங்கிகள் வாங்கி விற்பதாக ஒப்புக்கொண்டன. இதற்குச் சில நாள் முன்பின்னாக நியூயார்க் மாநிலத்தின் நகர்ப்புற வளர்ச்சிக் கழகம் கடன் தவணை தவறியிருந்தது. வங்கிகளின் வழக்கறிஞர்கள் பயந்துபோய், அதுவரை யாரும் கேட்காத ஒரு சாதாரணக் கேள்வியைக் கேட்டார்கள். எந்த வரியைக் காட்டி இந்த நோட்டை விற்கிறீர்களோ அந்த வரி உண்மையில் எவ்வளவு பாக்கி இருக்கிறது, காகிதத்தில் காட்டுங்கள்.

காட்ட முடியவில்லை. கேட்ட நேரத்தில் காட்டும் நிலையில் பதிவேடுகள் இல்லை. காட்டியிருந்தாலும் அந்த நோட்டைத் தாங்க அந்த வரி போதாது. விற்பனை ரத்தானது.

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் நிற்கத் தோன்றும். பின்னால் நடந்த பரபரப்பெல்லாம், போலீஸ்காரர்கள் பாலத்தை மறித்தது, ஜனாதிபதி கைவிரித்தது எல்லாம் இந்தக் கேள்விக்குப் பின் வந்தவை. பத்தாண்டாக அந்த நோட்டுகளை விற்றுத் தரகு சம்பாதித்த வங்கிகளும், அவற்றின் வழக்கறிஞர்களும், தரம் நிர்ணயித்த நிறுவனங்களும், திருத்தம் நிறைவேற்றிய மாநிலச் சட்டமன்றமும் ஒரு நாளாவது இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கலாம். கேட்கவேண்டிய முதல் ஆள் கம்ப்ட்ரோலர். ரிச்மண்ட் ஹில் பள்ளியில் தேர்வுத்தாள் திருத்தியபோது, ஒரு மாணவன் வாராக்கடனுக்கு ஒதுக்கீடு செய்யாமல் ஐந்தொகை எழுதியிருந்தால் பீம் என்ன மதிப்பெண் போட்டிருப்பார்?

வசந்தம் முடிவதற்குள் சந்தை முழுக்க அடைபட்டது. மே மாதம் பீமும் ஆளுநர் ஹியூ கேரியும் வாஷிங்டன் போய் ஜனாதிபதி ஜெரால்ட் ஃபோர்டைப் பார்த்தார்கள், உதவி இல்லை. ஜூனில் மாநிலம் ஒரு தனிக் கழகத்தை உண்டாக்கியது. நகரத்தின் விற்பனை வரியை நகரத்தின் கைக்கே போகவிடாமல் தன் பக்கம் திருப்பி, அதை ஈடாகக் காட்டி நகரத்துக்காகக் கடன் எழுப்பும் கழகம். அதன் மூளை ஃபெலிக்ஸ் ரோஹாட்டின் என்ற முதலீட்டு வங்கியாளர். ஊர் அதற்கு ‘பிக் மேக்’ என்று ஹாம்பர்கர் பெயரை வைத்தது. ஜூலை 1 அன்று, அதே ஜூலை 1, ஆயிரக்கணக்கான ஊழியர்களுக்கு வேலை போனது. சுமார் 5,000 காவலர்கள் அதில் அடக்கம். வேலை இழந்த காவலர்கள் புரூக்ளின் பாலத்தை மறித்தார்கள். குப்பை அள்ளுபவர்கள் வேலையை விட்டுப் போனார்கள். கோடை வெயிலில் தெருவெல்லாம் நாறியது. பிறகு சுரங்க ரயில் கட்டணம் 35 சென்ட்டிலிருந்து 50 ஆனது.

செப்டம்பரில் அவசரகால நிதிக் கட்டுப்பாட்டு வாரியம் வந்தது. ஏழு பேர். ஆளுநர், மேயர், மாநிலக் கம்ப்ட்ரோலர், நகரக் கம்ப்ட்ரோலர். இவர்களோடு தனியார் தொழில்துறையிலிருந்து மூவர். தொலைபேசி நிறுவனத்தவர் ஒருவர், விமான நிறுவனத்தவர் ஒருவர், உற்பத்தித் தொழில் நிறுவனத்தவர் ஒருவர். நகரத்தின் வரவும் செலவும் ஊழியர் ஒப்பந்தமும் இனி இவர்கள் அனுமதியோடுதான். பீம் அந்த மேசையில் ஏழில் ஒருவர். பட்ஜெட் அலுவலகத்தில் தன்னோடு வளர்ந்த, துணை மேயராக வைத்திருந்த பழைய நண்பர் ஜேம்ஸ் கேவனாவையும் நவம்பரில் அனுப்பிவிட வேண்டியதாயிற்று. சந்தைக்கு நம்பிக்கை வரவேண்டுமாம். கேவனா தெரிந்துவைத்திருந்ததும் பீம் தெரிந்துவைத்திருந்ததும் ஒரே கணக்குதான். ஒருவரை அனுப்பியவர்கள் இன்னொருவரை வைத்துக்கொண்டார்கள், அவர் மக்கள் ஓட்டுப்போட்டு வந்தவர் என்ற ஒரே காரணத்துக்காக.

அக்டோபர் 17, வெள்ளிக்கிழமை. அன்று மாலைக்குள் நகரம் 45 கோடியே 30 லட்சம் டாலர் கட்டவேண்டும். கையிருப்பு 3 கோடியே 40 லட்சம். மீதிக்கான ஏற்பாட்டில் ஓர் ஆணி கழன்றிருந்தது. ஆசிரியர் ஓய்வூதிய நிதி 15 கோடி டாலருக்கு ‘பிக் மேக்’ கழகத்தின் பத்திரம் வாங்குவதாக இருந்தது. முதல் நாள் இரவு அது பின்வாங்கிவிட்டது. ஆசிரியர் சங்கத் தலைவர் ஆல்பர்ட் ஷாங்கருக்குக் கோபம் இருந்தது. ஆயிரக்கணக்கான ஆசிரியர்களுக்கு வேலை போயிருந்தது. வேலைநிறுத்தம் செய்து பெற்ற ஒப்பந்தத்தைக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்கவில்லை. அது மட்டுமல்ல. மூழ்கும் கப்பலில் கிழவர்களின் சேமிப்பைப் போடலாமா என்ற கேள்வி அறங்காவலர் ஒவ்வொருவரையும் உறுத்தியது, அதுவும் நியாயமான கேள்விதான்.

மேயர் மாளிகையில் அறிக்கை ஒன்று தட்டச்சாகித் தயாராக இருந்தது. நகரத்தின் கையிருப்பு இன்றைய கடனுக்குப் போதாது, இதைக் கம்ப்ட்ரோலர் தெரிவித்திருக்கிறார் என்று தொடங்கி, காவல், தீயணைப்பு, மருத்துவமனை போன்ற உயிர்நாடிச் சேவைகளுக்கே முதல் பணம் என்று சொல்லும் அறிக்கை. கீழே மேயரின் பெயர். நீதிமன்றத்துக்கான மனுக்களும் தயார். பகல் இரண்டு மணியைத் தாண்டிய பிறகு ஷாங்கர் இறங்கிவந்தார். நகரம் திவாலானால் தன் ஆசிரியர்களின் ஒப்பந்தமும் ஓய்வூதியமும் சேர்ந்தே போகும் என்பது அவர் கண்ட முடிவு. அந்த அறிக்கை வெளியாகவில்லை. பதினேழு ஆண்டு பள்ளியில் கணக்குப் பதிவியல் நடத்தியவரின் பெயரைத் திவால் காகிதத்திலிருந்து காப்பாற்றியது பள்ளி ஆசிரியர்களின் சேமிப்பு.

பன்னிரண்டு நாள் கழித்து ஃபோர்ட், நகரத்தைத் தூக்கிவிடும் எந்த மசோதாவையும் நிராகரிப்பேன் என்று பேசினார். மறுநாள் டெய்லி நியூஸ் பத்திரிகை முதல் பக்கத்தில், நகரத்தைச் செத்துத் தொலையச் சொன்னார் ஃபோர்ட் என்ற பொருளில் தலைப்புப் போட்டது. அந்தச் சொற்களை அவர் சொல்லவில்லை. ஆனாலும் வரலாற்றில் அவை அவர் பேரில்தான் நிற்கின்றன. ஒரு மாதத்துக்குள் அவரும் இறங்கிவந்தார். டிசம்பரில் கையெழுத்தான சட்டப்படி ஆண்டுக்கு 230 கோடி டாலர் வரை கூட்டரசு கடன் கொடுத்தது. அந்தந்த நிதியாண்டு முடிவதற்குள் திருப்பவேண்டும். கருவூலம் தான் கட்டும் வட்டிக்கு மேல் ஒரு சதவீதம் கூடுதல். நகரம் ஒவ்வொரு தவணையும் நாள் தவறாமல் கட்டியது. கடனில் அரசுக்கு லாபம்!

1976இல் வெட்டு கல்லூரிக்கும் வந்தது. ஜூன் மாதம் நகரப் பல்கலைக்கழகம் சம்பளம் கொடுக்கப் பணமின்றி இரண்டு வாரம் மூடிக் கிடந்தது. அந்த இலையுதிர் காலத்திலிருந்து கட்டணம். 129 ஆண்டு வழக்கம் முடிவுக்கு வந்தது. இதைப் பற்றி எழுதுபவர்கள் பீமின் 1928 பட்டத்தை நினைவூட்டாமல் விடுவதில்லை. நானும் மேலே அதைச் சொல்லித்தான் வைத்தேன்.

1977 ஆகஸ்ட் கடைசியில், பங்குப் பரிவர்த்தனை ஆணையத்தின் அலுவலர்கள் தயாரித்த தடித்த அறிக்கை வெளிவந்தது. பீம், அப்போதைய கம்ப்ட்ரோலர் ஹாரிசன் கோல்டின், பெரிய வங்கிகள் எல்லோரும் நகரத்தின் உண்மை நிலையை மறைத்து நோட்டு விற்றார்கள். வங்கிகள் தங்கள் கையிருப்பை ஓசையில்லாமல் குறைத்துக்கொண்டே பொதுமக்களிடம் விற்றன. இதுதான் சாரம். பீம் மறுபடி மேயர் பதவிக்குப் போட்டியிட்ட கட்சி வேட்பாளர் தேர்வுக்கு இரண்டு வாரம்கூட இல்லை. இது அரசியல் என்று பீம் கொதித்தார். எட் கோச்சுக்கும் மரியோ குவோமோவுக்கும் பின்னால் மூன்றாவதாக வந்தார்.

அவருடைய தரப்பில் சொல்ல இருப்பது குறைவில்லை. அவர் கண்டுபிடித்த வித்தை என்று ஒன்றுகூட இல்லை. எல்லாம் முன்னோர் வழி. ஒவ்வொன்றுக்கும் சட்ட அனுமதி இருந்தது. நிதி நிலையை உரக்கச் சொன்னால் நோட்டு விலைபோகாது, நோட்டு விலைபோகாவிட்டால் அடுத்த வாரச் சம்பளம் இல்லை என்ற கண்ணியில் எந்த மேயரும் வாயைத் திறப்பது கடினம். நெருக்கடி முற்றிய பிறகு, வெட்டவேண்டியதை வெட்டிய பழியையும் சுமந்தார். ஆனால் ‘எல்லோரும் அறிந்ததுதானே’ என்ற அவர் வாதத்தை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. நிதி அலுவலகத்துக்குள் இருந்த எல்லோரும் அறிந்ததுதான். பத்தாயிரம் டாலருக்கு அந்த நோட்டை வாங்கி வைத்துக்கொண்ட புரூக்ளின் விதவைக்குத் தெரியாது. அவளுக்குச் சொல்வதற்காகத்தான் தணிக்கையாளர் என்று ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

அதன் பிறகு கணக்கெழுதும் முறையே மாறியது. நியூயார்க் இனிப் பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கியல் நெறிப்படி, வரவையும் செலவையும் ஒரே அளவுகோலில் எழுதி, பட்ஜெட்டைச் சமன் செய்தாகவேண்டும் என்று சட்டமானது. நான்காண்டுக்கான நிதித் திட்டமும் கட்டாயமானது. செலவுகளை மூலதனத் தலைப்பிலிருந்து படிப்படியாக வெளியேற்ற அவகாசம் கொடுத்தார்கள். அடுத்து மேயரான கோச்சின் ஆட்சியில் 1981இல் அந்த நெறிப்படி பட்ஜெட் முதல்முறையாகச் சமன்பட்டது. கெடுவுக்கு ஓராண்டு முன்னதாக. வாரியத்தின் நேரடிப் பிடி 1986இல் தளர்ந்தது. ரோஹாட்டினின் கழகம் தன் கடைசிப் பத்திரத்தை அடைத்தது 2008இல்தான். அமெரிக்க மாநிலங்களும் நகராட்சிகளும் கணக்கெழுதும் நெறியை வகுக்க 1984இல் ஒரு தனி வாரியம் பிறந்ததிலும் நியூயார்க் கொடுத்த அதிர்ச்சிக்குப் பங்கு உண்டு.

பீம் 2001 பிப்ரவரியில், தொண்ணூற்று நான்கு வயதில் இறந்தார். 150 கோடி டாலர் பள்ளத்தோடு கையில் வந்த நகரத்தை 20 கோடி டாலர் உபரியோடு விட்டுவந்தேன் என்பது அவர் கடைசிவரை பெருமையோடு சொன்ன கணக்கு. அவர் பழகிய முறையில் கூட்டினால் அந்த உபரி வரத்தான் செய்கிறது. அவர் விட்டுப்போன அதே நிதியாண்டைப் புது நெறிப்படி எழுதினார்கள். பல பத்துக் கோடி டாலர் பற்றாக்குறை வந்தது.